காத்தாடி மரத்தப் பிடிச்சிட்டு நின்ன நாள்

கிறிஸ்மசுக்கு ஆறு நாள் இருக்கும்போ நான் ஒரு மரத்த வெட்டினேன். யாருக்கும் சொந்தம் இல்லாத மரம்னுதான் நெனச்சேன்.

முட்டத்துக்குக் கெழக்க, பாறையும் மணலுமா கெடக்க சின்ன ஊரு எங்களுக்கு. ஆம்பளையாப் பொறந்தவன் கடலுக்குப் போவான். நான் போவல. கட்டுமரத்துல ஏறி ஒக்காந்தா கொஞ்ச நேரத்துல கொடலே வெளிய வந்திரும். பள்ளிக்கூடமும் அஞ்சாங் கிளாசோட என்னைய வேண்டாம்னுட்டு. கருவாட்டுக் கெட்ட சைக்கிள்ல வச்சித் தக்கலைச் சந்தைக்குச் சவுட்டுறதும், போற வாற ஆளுவளக் கேலி பண்ணுறதும்தான் என் சோலி.

சாப்பாடும் கெடையும் அக்கா வீட்டுல. அக்கா மவளுக்கு அப்ப அஞ்சு வயசு. அம்மை போட்டு எறங்குன சமயம். கோயில்ல குடில் கெட்டுறாவ, போய்ப் பாக்கணும்னு ஒரே கரச்சல். வெளிய எறக்கப்பிடாது. கொழும்புல சோலி பாக்குற ஒரு சொந்தக்காரரு அனுப்புன கிறிஸ்மஸ் கார்டு ஒண்ணு வீட்டுல இருந்துது. அதுல ஒரு பச்ச மரம், மேல நட்சத்திரம். பிள்ள அதப் பிடிச்சிட்டே கெடப்பா.

"மாமா, இந்த மரம் எங்க நிக்கும்?"

"நம்ம பாறை மேல ஒண்ணு நிக்குல்லா? அதுக்கு அண்ணன் இது."

"அப்ப தம்பியக் கூட்டிட்டு வா."

பாறை மேட்டுல ஒத்தைக்கு நிக்கும் அது. காத்தாடி மரம். சவுக்குன்னும் சொல்லுவாவ. என்னப் போல ஒண்ணர ஆள் ஒசரம். நெழலு கெடையாது, ஆடு கடிக்காது. 'நீயும் நானும் ஒரே சாதிடே, ஊருக்கு ஒரு பிரயோசனமும் இல்ல'ன்னு போவும்போ அதுகிட்ட சொல்லிட்டுப் போவேன்.

அண்ணைக்குக் காலையில கடல் எண்ணெய ஊத்துன மாதிரி கெடந்துது. அல எந்திக்கல. காக்காவும் சத்தம் காட்டல. பெரியாளுவ கரையில நின்னு பாத்திட்டு, இது நல்லதுக்கில்லன்னு சொல்லி வலைய முடிய ஒக்காந்துட்டாவ. மச்சான் மட்டும் கூட்டாளி ஒருத்தரக் கூட்டிட்டுப் போனாரு. மவளுக்குக் கிறிஸ்மசுக்கு ஒரு பாவாட எடுக்கணும், ஒரு பாடு மீனு கெடச்சாப் போரும்னு அக்காகிட்ட சொன்னாராம்.

வெயில் ஏறுன பொறவு நான் வெட்டுகத்தியோட பாறைக்குப் போனேன். எப்பவும் உஸ்ஸுன்னு எரைஞ்சிட்டே நிக்க மரம் அண்ணைக்கு மூச்சுக் காட்டல. 'என்னடே, கோவமா?'ன்னு கேட்டேன். மொத வெட்டு விழுந்தப்போ மேட்டுல இருந்த ஓணான் ஒண்ணு தலையத் தூக்கி என்னையப் பாத்துச்சி. கத்தி வச்சிருக்கவனுக்கு ஓணானப் பாத்தா பயமா? வெட்டி இழுத்திட்டு வந்துட்டேன்.

வீட்டுக்குள்ள மண்ணு நெறச்ச குட்டுவத்துல அத நட்டதும் பிள்ள கண்ண சிமிட்டவே இல்ல. அக்கா சிகரெட்டுப் பெட்டியில உள்ள வெள்ளிக் கடலாச எல்லாம் சேத்து வச்சிருந்தா, எடுத்துத் தந்தா. அம்மை கண்ட வீடுன்னு உள்ள வராத பக்கத்து வீட்டுப் பொண்ணுவகூட சன்னல் வழியா ஒடஞ்ச வளையல், கலர்த்துணி, குருத்தோலைன்னு நீட்டுனாவ. ஈக்கிய வளைச்சி செவப்புக் கடலாசு ஒட்டி, உச்சியில ஒரு நட்சத்திரம் வச்சேன். பிள்ள மரத்தத் தொட்டுப் பாத்திட்டு, "தம்பி குளுந்து கெடக்கான்"ன்னா.

உச்ச நேரத்துல மீன் வித்திட்டு வந்த அடுத்த வீட்டுச் சின்னம்மை வாசல்ல நின்னு எட்டிப் பாத்தாவ. தலையில இருந்த கடவத்த எறக்கி வச்சாவ.

"ஏலே, இது பாறையில நின்னதா?"

"ஆமா சின்னம்மை. வாடக கேக்கவா வந்தியோ?"

"கணியத்தையா வெட்டிட்டு வந்திருக்க?"

எனக்கு வெளங்கல. கடலுக்குப் போறவனுக்கு நாலு வயசுல தெரியுறது எனக்கு அப்பதான் தெரிஞ்சுது. எங்க கரைக்கு முன்ன வரிசையா பாறை. நடுவுல ஒரே ஒரு வழி. கடல்ல நிக்கவன் கோயில் கோபுரத்தையும் அந்த மரத்தையும் பாப்பான். ரெண்டும் ஒண்ணுக்குப் பின்ன ஒண்ணா வந்தா நேர வழி. வெலகித் தெரிஞ்சா பாறை. அதுதான் கணியம். கடல் அமைதியா இருந்தாப் பாறையக் கண்ணாலயே பாத்து வந்திரலாம். கடல் கலங்கி எல்லாம் ஒரே நொரையா கெடந்தா மரந்தான் கெதி.

சின்னம்மை சொல்லி முடிக்கல. கூரையில ஓல தூக்கி அடிச்சுது. காத்து வந்துட்டு.

அக்கா எம் மொகத்தப் பாக்கல. குட்டுவத்த ஒரே தள்ளு தள்ளி, மரத்துக்க உச்சிய எடுத்துத் தோள்ல வச்சா. நான் அடியத் தூக்கினேன்.

"தம்பி போறானா?" பிள்ள கேட்டா.

"அப்பாவக் கூப்பிட்டுட்டு வருவான் மக்கா."

மேட்டுல வெட்டுன அடிக்குத்தி வெள்ளையா, ஈரமா இருந்துது. அதுக்கு மேலயே மரத்த நிப்பாட்டி ரெண்டு கையாலயும் கெட்டிப் பிடிச்சேன். கடலப் பாத்தேன். பாறையும் தெரியல, வழியும் தெரியல. எல்லாம் வெள்ள. தூரத்துல மழை கறுத்துக் கெடந்துது. காத்துல மரம் என்னையும் சேத்துத் தூக்கப் பாத்துது. சின்னம்மை கயிறு கொண்டு வந்து ஒரு பக்கம் இழுத்துப் பிடிச்சாவ, மறுபக்கம் அக்கா. பொறவு கரையில வலை முடிஞ்ச ஆளுவ ஒவ்வொருத்தரா ஏறி வந்தாவ. அடி விழும்னு நெனச்சேன். ஒருத்தரு என் கையில வழிஞ்ச ரத்தத்தப் பாத்து, தலையில கெட்டியிருந்த துண்ட அவுத்து என் கைக்கும் மரத்துக்கும் எடையில சுத்தினாரு. இன்னொருத்தரு மேல பாத்தாரு.

"நட்சத்திரத்த எடுக்காண்டாம் மக்கா. அதுவும் ஒரு சாண் ஒசரம்லா."

எனக்குச் சிரிக்க வரல. அப்படி ஒரு நாள் எனக்கு அதுக்கு முன்ன வந்ததில்ல.

ஒரு கறுப்புப் புள்ளி. தாந்துது, பொறவு வந்துது. வழிக்கு மேக்க, நேர பாறைக்குப் பாத்து வந்திட்டிருந்துது. அக்கா கயித்த விடாம முட்டுக்குத்தி நின்னுட்டா. புள்ளி நின்னுது. அது அங்க நின்ன நேரத்துல நூறு தடவ முங்கிச்சி. பொறவு மெல்ல மெல்ல கெழக்க நவுந்து, எங்களுக்கு நேர வந்து, நொரைக்குள்ள பூந்துது. கொஞ்ச நேரம் ஒண்ணுமே தெரியல. அப்புறம் பாறைக்கு இந்தப் பக்கம் ரெண்டு தல தெரிஞ்சுது.

கரையில மச்சான் மணல்ல மலந்து கெடந்தாரு. வலையும் இல்ல, மீனும் இல்ல. பாவாடையும் அதோட போச்சி.

"மரத்தக் காணல. செரி, இண்ணைக்கு நம்ம கடைசி நாளுன்னு நெனச்சேன்" கண்ணத் தொறக்காம சொன்னாரு. "பொறவு பாத்தா மரம் நடந்து மேட்டுல ஏறுது. நாம செத்தாச்சா இல்லியாடேன்னு கூட்டாளிகிட்ட கேட்டேன்."

யாரு வெட்டுனதுன்னு அவரு கேக்கல. என் கையப் பாத்தாரு.

மரத்த அங்கயே கல்லு அடுக்கி நிப்பாட்டினோம். கடலாசு, வளையல் எல்லாத்தோடயும் நின்னுது. பிள்ளைக்கு வாசல்ல இருந்து பாத்தா அதுக்க உச்சி மட்டும் தெரியும். அவளுக்கு அது போரும்.

கிறிஸ்மசுக்கு மொத நாள் காலையில மச்சான் என்னைய எழுப்பினாரு. "ஏறு மாப்ள."

"எனக்குக் கொடலு வரும் மச்சான்."

"வரட்டு. அதையும் வச்சிட்டு ஏறு."

பாறை தாண்டுறதுக்குள்ள மூணு தடவ கக்கினேன். ரொம்பத் தூரம் போயி அவரு துடுப்ப நிப்பாட்டி, "திரும்பிப் பாரு"ன்னாரு. கோபுரம் வெரல் மாதிரி. அதுக்கு முன்ன, நகத்துல பாதி, ஒரு கீறல். அதுதான் மரம். அஞ்சு நாள்ல பச்ச போயி மஞ்ச அடிச்சிருந்துது.

"நட்சத்திரம் தெரியுதா?"

"இல்ல."

"அண்ணைக்கும் தெரியல."

"நான் தெரிஞ்சேனா?"

மச்சான் மரத்தையே பாத்திட்டிருந்தாரு. "எல கொட்டிட்டுன்னா இங்க இருந்து பாத்தா அது மரமாத் தெரியாது"ன்னாரு.

இது நடந்து ரெண்டு கிறிஸ்மஸ் ஆச்சி. இப்ப அங்க ஒரு கம்பு நிக்கு, வெள்ளத்துணி கெட்டி. பக்கத்துல நான் நட்ட காத்தாடிக் கண்ணு என் முட்டுவரைக்கும் வந்திருக்கு. தெனமும் ஒரு கொடம் தண்ணி சொமக்கேன், ஊரே கேலி பண்ணுது. அண்ணைக்கு மாதிரி காத்து நின்னுபோன நாள்ல மட்டும், தக்கலைக்குப் பாதி வழி போனாலும் சைக்கிளத் திருப்பிட்டு வந்து, கம்பு நேர நிக்குதான்னு ஒருக்கப் பாத்திட்டுத்தான் போவேன்.