போனவன் போனவன்தான்

சாந்த லூசியா கோயிலைக் கடக்கும்போது பேர்னாட்டின் இடது கை தானாக எழும்பி, தலையில் இருக்கும் நீலத் தொப்பியைக் கழற்றும். கண் தெருவில் இருக்கும், வலது கை திரீவீலரின் பிடியில் இருக்கும், வாய் பின்னால் இருக்கும் வெள்ளைக்காரருக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கும். தொப்பி மட்டும் ஆண்டவருக்கு மரியாதை செய்துவிட்டுத் திரும்பவும் தலைக்கு வந்துவிடும். ஒரு நாளில் எட்டுத் தடவை கடந்தால் எட்டுத் தடவையும் இது நடக்கும். "அவர் பாத்துக்கொண்டுதானே இருக்கிறார்" என்பார். சொன்ன வாய் மூடுவதற்குள், இந்தக் கோயில் மணியைக் கப்பலிலிருந்து இறக்கியது தன்னுடைய பூட்டன்தான் என்று கூசாமல் ஒன்றை அவிழ்த்துவிடுவார்.

வயது ஐம்பத்தெட்டு. பிறந்ததும் வளர்ந்ததும் கொட்டாஞ்சேனை. இருபத்தாறு வருசம் துறைமுகத்தில், கப்பலால் இறங்கும் பெட்டிகளைச் சரிபார்க்கும் கிளாக்காக இருந்தார். அவருடைய ஆங்கிலம் பள்ளிக்கூடத்து ஆங்கிலம் இல்லை. கிரேக்க மாலுமியிடம் கொஞ்சம், பிலிப்பைன்ஸ் சமையல்காரனிடம் கொஞ்சம் என்று பொறுக்கிச் சேர்த்தது. இலக்கணத்தைக் கண்டால் ஒதுங்கிப் போகும், ஆனால் எங்கேயும் தடக்குப்படாது. வேலையை விட்ட பிறகு திரீவீலர் வாங்கினார். மகள் டெனிஷா கைபேசியில் எதையோ தட்டி, 'கொழும்பு மக்களோடு ஒரு காலை' என்று பெயர் வைத்து, உல்லாசப் பயணிகள் தேடிப் பார்க்கும் இடத்தில் அப்பாவின் படத்தையும் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவர் டிரைவர் இல்லை, கைட்.

"கட்டடம் பாக்க ஆருக்கும் ஏலும். ஆக்களைப் பாக்க நான் வேணும்" என்பது அவருடைய வேதவாக்கு. அதில் உண்மை இருக்கிறது. புறக்கோட்டையில் அலவி ஹாஜியார் தன் கடைக்குள் கூப்பிட்டுக் கறுவாப் பட்டையை முகரக் கொடுப்பது பேர்னாட்டின் முகத்துக்காகத்தான். மீன் விற்கிறவர், பூக்கட்டுகிறவர், லொத்தர் சீட்டு விற்கிறவர் எல்லாருக்கும் அவர் சிங்களத்தில் அய்யே, இல்லையென்றால் அங்கிள். வண்டியின் முன்பக்கத்தில் அந்தோனியார், பிள்ளையார், புத்தர் மூவரும் ஒரே பசைநாடாவில் ஒட்டிக்கொண்டு போகிறார்கள். "எல்லாரும் ஏறுற வண்டி, ஆரையும் இறக்கி விட ஏலாது" என்று அதற்கும் ஒரு நியாயம் வைத்திருக்கிறார்.

ஆனால் மொழிபெயர்ப்பு என்று வந்தால் மனிதர் தனிக்காட்டு ராசா. வெள்ளைக்காரர் ஐந்து நிமிடம் நெஞ்சில் கைவைத்துப் பேசுவார். பேர்னாட் ஊராரிடம் திரும்பி, "நல்லாயிருக்காம்" என்று முடித்துவிடுவார். மறுபக்கம் இன்னும் மோசம். குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை என்று ஒரு பெண் மாநகர சபையை வாய் கிழியத் திட்டுவாள். இவர் கண் சிமிட்டாமல், "எங்கள் தோட்டத்துக்கு உங்களை அன்போடு வரவேற்கிறாள்" என்று ஆங்கிலத்தில் சொல்லுவார். கொழும்பில் தோட்டம் என்றால் மரமும் செடியும் இல்லை. சுவரோடு சுவர் ஒட்டி நாற்பது வீடுகள் ஒரு குழாயடியைப் பங்குபோடும் இடம். இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டே பிரிவார்கள். யாருக்கும் நட்டமில்லை என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

காலைச் சுற்றின் கடைசி நிறுத்தம் அந்தத் தோட்டத்தில் ஐறீன் அக்காவின் வீடு. அறுபத்திரண்டு வயது, விதவை. தையல் மெசினும் கண்ணாடி அலுமாரியும் போக, இரண்டு பேர் நிற்க இடம் இருக்கும் முன்னறை. சுவரில் இயேசுவின் திரு இருதயப் படம், அதற்கு ஒரு சின்னச் சிவப்பு லைட். அதன் கீழே மகன் கிளின்ரனின் படம், கோட்டும் கழுத்துப்பட்டியுமாக. திரு இருதயத்துக்குப் போடும் மல்லிகைச் சரம் கொஞ்சம் நீளமாகிப் போனால் கிளின்ரனின் நெற்றியில் தொங்கும். கிளின்ரன் கட்டாரில் லிப்ட் பொருத்துகிற வேலை செய்கிறான்.

மூன்று வருசத்துக்கு முந்தி பேர்னாட் ஒரு ஜெர்மன் தம்பதியை இங்கே கூட்டி வந்திருந்தார். அந்த அம்மா சுவரைக் காட்டி, யார் இந்தப் பையன் என்று கேட்டாள். ஐறீன் பெருமூச்சு விட்டாள். மகன் லீவில் வருவதாகச் சொல்லி வராமல் விட்ட கோபம் வேறு. "போயிட்டான். மூண்டு வருசமாகுது. போனவன் போனவன்தான்" என்றாள்.

"கோன், மேடம். த்ரீ இயர்ஸ். கோன் மீன்ஸ் கோன்" என்றார் பேர்னாட். வாழ்நாளில் அவர் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தது அன்று ஒரு நாள்தான். பிழையாகிப் போனதும் அன்றுதான்.

ஜெர்மன்காரி சிவப்பு லைட்டைப் பார்த்தாள், மல்லிகையைப் பார்த்தாள், ஐறீனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாள். யாரும் கைபிடித்துப் பல காலமாகிவிட்ட ஐறீனுக்கும் அழுகை வந்துவிட்டது. "இந்த மனுசி ஏன் அழுறா, பேர்னாட்?" "நீங்க மகனைப் பிரிஞ்சு இருக்கிறீங்களாம், அதுதான் கவலைப்படுறா." அதுவும் பொய் இல்லை. அதுதான் இதில் உள்ள பெரிய கேடு.

ஒடுங்கிய ஒழுங்கைக்கு வெளியே வந்ததும் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அந்த அம்மா, இந்தப் பயணத்திலேயே தங்கள் மனதைத் தொட்டது இன்றைய நாள்தான், நீ எங்களுக்கு ஒரு தாயைக் காட்டினாய் என்றாள். திறந்த வாயை அவர் மூடிக்கொண்டார். அவள் அதை ஊருக்கெல்லாம் தெரிய இணையத்தில் எழுதியும் போட்டாள். அடுத்து வந்தவர்கள் கோயிலைக் கேட்கவில்லை, குளத்தைக் கேட்கவில்லை, "அந்தத் தாயைப் பார்க்கலாமா?" என்றார்கள்.

அப்படியே பழகிப்போயிற்று. "வெள்ளைக்காரருக்குப் பிள்ளைப் பாசம் இல்ல எண்டு சொல்றவனை என்னட்டக் கூட்டி வா" என்று ஐறீன் தோட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். வருகிறவர்களுக்கென்று நல்ல கோப்பைகளைக் கண்ணாடி அலுமாரியிலிருந்து வெளியே எடுத்து வைத்தாள். கிளின்ரன் ஒரு முறை லீவில் வந்து நின்ற மாதம் முழுக்கப் பேர்னாட்டின் வண்டி அந்த ஒழுங்கைக்குள் திரும்பவில்லை. கேட்ட ஐறீனிடம் என்ஜின் சரியில்லை என்றார். ஒரே ஒரு ஒழுங்கைக்கு மட்டும் ஓடாத என்ஜின் கொட்டாஞ்சேனையில் அது ஒன்றுதான்.

இன்னொன்றும் உண்டு. அதைப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட அவர் சொன்னதில்லை. ஒஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒருவர் கிளின்ரனின் படத்துக்கு முன்னால் நின்று, "அந்த ஈஸ்டரா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். பேர்னாட் தலையை ஆட்டினார். ஓம் என்றும் எடுக்கலாம், இல்லை என்றும் எடுக்கலாம், நம்மவருக்கே உரிய அந்த ஆட்டல். வந்தவர் எதை எடுத்துக்கொள்வார் என்று ஆட்டிய தலைக்குத் தெரியும். நாலு வீடு தள்ளி, கோயில்களில் குண்டு வெடித்த அந்த ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் உண்மையாகவே திரும்பி வராத பிள்ளையின் தாய் இருக்கிறாள். அவள் வீட்டுக்குப் பேர்னாட் ஒரு நாளும் ஒருவரையும் கூட்டிப் போனதில்லை. அன்று அந்த வாசலைத் தாண்டும்போது அவர் மறுபக்கம் பார்த்துக்கொண்டு நடந்தார்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நோரா திரும்ப வந்தாள். அயர்லாந்துக்காரி, ஆஸ்பத்திரி வேலையிலிருந்து இளைப்பாறிய தாதி, இரண்டு வருசத்துக்கு முந்தி இதே வண்டியில் சுற்றியவள். வண்டியில் ஏறியதும், முதலில் அந்தத் தாயிடம் போவோம் என்றாள். பேர்னாட் முன்கண்ணாடியில் அவளைப் பார்த்தபடி, அக்கா நீர்கொழும்புக்குப் போய்விட்டாள் என்று சொல்லிப் பார்த்தார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஒழுங்கை முனையில், பாட்டுப் போட்டுக்கொண்டு வந்த பேக்கரிப் பாண் வண்டிக்குப் பக்கத்தில் ஐறீன் ஒரு றாத்தல் பாணைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். "ஆ, பழைய ஆள் எல்லோ! வாங்க, வாங்க!"

முன்னறையில் அமர்ந்ததும் நோரா கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். மெழுகுதிரிப் படம் போட்ட பூசை அட்டை. தன்னுடைய ஊர்ப் பங்கில் செத்தவருக்குச் செய்யும் ஆத்தும இளைப்பாற்றிப் பூசையைக் கிளின்ரனுக்காக ஒப்புக்கொடுத்து, பாதிரியாரின் கையெழுத்தோடு கொண்டுவந்திருக்கிறாள். ஐறீனுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் பெற்ற பிள்ளையின் பெயரை எந்த எழுத்தில் எழுதினாலும் வாசிப்பாள். பெயருக்குக் கீழே ஆர்.ஐ.பி. என்று இருந்தது. அந்த மூன்று எழுத்தை வாசிக்கக் கொட்டாஞ்சேனையில் யாரும் பள்ளிக்கூடம் போகத் தேவையில்லை. ஏதோவொரு லைட்டுக் கம்பத்தில், செத்த வீட்டு வெள்ளைக் கொடிக்குக் கீழே, யாரோ ஒருவருடைய படத்தோடு அது எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும்.

"பேர்னாட், இது என்ன?"

அவள் அட்டையை அவருடைய முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"என்ட பிள்ளை செத்துப்போயிட்டான் எண்டா இவ நினைச்சுக்கொண்டு இருக்கிறா? ஆர் சொன்னது?"

அவர் தரையைப் பார்த்தார். சிவப்பு சீமெந்துத் தரை, நடுவில் ஒரு வெடிப்பு. அந்த வெடிப்புக்குள் போய்விட இடமிருந்தால் போயிருப்பார். என்ன சொல்கிறாள் என்று நோரா கேட்டாள். பேர்னாட் வெடிப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நோராவே தொடர்ந்து பேசினாள். தலை நிமிராமல் பேர்னாட் சொன்னார், "ரெண்டு வருசமா மாசா மாசம் கோயிலில அவனுக்கு மெழுகுதிரி கொளுத்தினவவாம்."

ஐறீன் அட்டையை மடியில் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். அவ்வளவு காலமும் வந்து கைபிடித்து அழுத ஒவ்வொரு முகமும் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும். ஏன் அழுதார்கள் என்று இப்போது விளங்கியிருக்கும். அவள் கத்துவாள், கோப்பை பறக்கும் என்று பேர்னாட் காத்திருந்தார். கத்தியிருந்தால் அவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"இவவுக்கு ஒண்டும் சொல்லாத" என்றாள். "இவ்வளவு தூரம் வந்த மனுசி, வெக்கப்பட்டுப் போயிடும். தேங்க்ஸ் எண்டு சொல்லு. அதையாவது நான் சொல்ற மாதிரியே சொல்லு."

"ஷீ சேஸ் தேங்க் யூ, மேடம்."

நோரா எழும்பி அவளைக் கட்டிப்பிடித்தாள். ஐறீனும் கட்டிப்பிடித்தாள். அந்த வெள்ளைத் தோளுக்கு மேலால் அவள் பேர்னாட்டை ஒரு பார்வை பார்த்தாள். திரும்பும் வழியில் சாந்த லூசியா வந்தது. பேர்னாட்டின் கை எழும்பவில்லை.

நாலு மணிக்கு ஒரு பை நிறைய, மீன் வைத்த மாலு பணிசோடு ஐறீனின் வாசலுக்குப் போனார். அவள் பையை வாங்கவில்லை, உள்ளே வராதே என்றும் சொல்லவில்லை.

"அக்கா, நான் வேணுமெண்டு செய்யல. முதல் நாள் வாய் தவறினது."

"முதல் நாள் வாய் தவறிச்சு. மற்ற நாளெல்லாம்?"

அவர் பையைப் படியில் வைத்தார். "ஏசுங்க அக்கா" என்றார். 

அவள் ஏசவில்லை. அட்டையை எடுத்து அவருடைய கையில் வைத்தாள். "பூசை செய்த கடதாசி, கிழிக்க ஏலாது. உசிரோட இருக்கிற பிள்ளையின்ட வீட்டுக்குள்ள வைக்கவும் ஏலாது. நீ கொண்டு போ, நீயே வச்சிரு." அவர் அதைச் சேட்டுப் பைக்குள் வைத்தார். வெளிக்கிடத் திரும்பும்போது அவள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமை. இப்ப கிளின்ரன் எடுப்பான். கதைச்சிட்டுப் போ."

கட்டாரில் வெள்ளிக்கிழமை லீவு என்பது பேர்னாட்டுக்கும் தெரியும். அந்த நேரத்துக்கு முன்னால் போய்விடத்தான் அவசரப்பட்டார். கைபேசி மணி அடித்தது. ஐறீன் மகனிடம் இரண்டு சொல் பேசிவிட்டு, கைபேசியை அவரிடம் நீட்டினாள். வாங்காமல் இருக்க முடியவில்லை.

"அங்கிள்! எப்பிடி சுகம்? இண்டைக்கும் ஆக்கள் வந்தவங்களாமே!" கிளின்ரன் வாய் நிறையச் சிரித்தான். "வெள்ளைக்காரர் என்ட படத்தைப் பாத்து அழுறாங்கள் எண்டு அம்மா எந்த நாளும் சொல்லுவா. றூமில எல்லாரும் எனக்குப் பகிடி பண்றாங்கள், நான் பெரிய ஆளாம். உண்மையா, தேங்க்ஸ் அங்கிள். அம்மா தனிய இருக்கிறா எண்டதுதான் எனக்குப் பயம். நீங்க ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறீங்கதானே, அதால கொஞ்சம் நிம்மதியா இருக்கு."

பேர்னாட்டின் வலது கையில் கைபேசி. இடது கை சேட்டுப் பையைப் பொத்திக்கொண்டிருந்தது. ஐறீன் தையல் மெசினுக்கு முன்னால் இருந்து துணியை நீவிக்கொண்டிருந்தாள், இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அங்கிள், கேக்குதா? உங்கட தொப்பி மட்டும்தான் தெரியுது. முகத்தைக் காட்டுங்க."

இடது கை மெல்ல எழும்பித் தொப்பியைக் கழற்றியது. தலை நிமிரவில்லை.