துக்கம் முறிக்கப் போன கடை

பேரையூர்ப் பக்கம் எங்கள் சனத்தில், ஒரு வீட்டில் சாவு விழுந்து கருமாதி முடிந்தால் அதோடு முடிந்துவிடாது. பிறந்த வீட்டுக்காரன் கறி எடுத்துப் போட வேண்டும். அண்ணனோ தம்பியோ ஆட்டுக்கறி வாங்கி ஆக்கி, முதல் துண்டைத் தன் கையால் இலையில் வைக்க வேண்டும். புருஷனைப் பறிகொடுத்தவள் அதை எடுத்துச் சாப்பிட வேண்டும். அப்போதுதான் துக்கம் முறிந்தது என்று கணக்கு. அதுவரை அண்ணன்காரன் ஊருக்குக் கிளம்பக் கூடாது. அவள் சாப்பிட்ட பிறகு அங்கே இருக்கவும் கூடாது. வந்த வேலை முடிந்தவன் சும்மா சுற்றிக்கொண்டு நிற்பதை எங்கள் ஆட்கள் விரும்புவதில்லை.

என் தங்கையின் கணவர் இறந்தது ஆஸ்திரேலியாவில். தெற்கு ஓரத்து நகரம் ஒன்றில் இருபது வருஷத்துக்கு மேல் இருவரும் குடியிருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. ஒருநாள் காலை நடந்துவிட்டு வந்தவர், ஷூவைக் கழற்றக் குனிந்தார், நிமிரவில்லை. நான் விசா வாங்கிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்து, அவர் ஒரு சின்னப் பெட்டியாகி அலமாரியில் இருந்தார்.

சடங்குகளைக் கிண்டல் செய்து கட்டுரை எழுதிப் பேர் வாங்கியவன் நான். பேர் என்றால் நான் குடியிருக்கும் கோச்சடையில் இரண்டு தெருவுக்கு. அப்படிப்பட்ட பகுத்தறிவாளன், பயணப் பெட்டியில் நல்லெண்ணெய் பாட்டிலை மூன்று பாலித்தீன் பை போட்டுச் சுற்றி எடுத்துப் போனேன். கறி போடும் நாள் காலையில் தங்கை தலையில் வைக்க. ஊரிலிருந்து அம்மா தினமும் போனில் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"கறி போட்டியாடா? அவள அப்படியே விட்டுட்டு வந்துறாதடா. முறிக்காத துக்கம் வீட்டவிட்டுப் போகாது."

போடலாம்தான். ஆனால் தங்கை அடுப்புப் பக்கம் விடவில்லை.

"வேணாம்ணே. அந்த அடுப்புல அவருதான் சமைப்பாரு. நான் பத்த வச்சதே இல்ல."

அது உண்மை. அவள் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்ப்பவள். வீட்டுச் சமையல் மாப்பிள்ளையுடையது. நான் வந்ததிலிருந்து நாங்கள் ரொட்டியும் தயிரும் சாப்பிட்டு, நோயாளிக்குத் துணையாக வந்த நோயாளிகள் மாதிரி இருந்தோம்.

"சரி, கடையில போயிச் சாப்பிடுவோம். சடங்கு அடுப்பையா பாக்குது, கறியத்தான பாக்குது" என்றேன். சாஸ்திரத்தை வளைப்பதில் பகுத்தறிவாளனை மிஞ்ச ஆள் கிடையாது.

அவள் யோசித்து, நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் அமெரிக்க பாணிக் கிரில் கடை ஒன்றைச் சொன்னாள். நல்ல கடையா என்று கேட்டேன்.

"தெரியாது. நாங்க ரெண்டு பேரும் போகாத கடை அது ஒன்னுதான்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் போனோம். வாசலில் பிளாஸ்டிக்கில் ஒரு முழு மாடு நின்றது. உள்ளே சுவருக்குச் சுவர் டிவி, ஒவ்வொன்றிலும் ஒரு விளையாட்டு, எதற்கும் சத்தம் இல்லை. சத்தமெல்லாம் ஸ்பீக்கரில் ஓடிய பாட்டுக்குத்தான். கூரையிலிருந்து சேணமும் வண்டிச் சக்கரமும் தொங்கின. நாங்கள் விற்றுத் தீர்த்த சாமான்களை எல்லாம் இவர்கள் வாங்கி மாட்டியிருக்கிறார்கள் என்று தோன்றியது. சொன்னால் தங்கை சிரிப்பாள் என்று நினைத்துச் சொன்னேன். சிரிக்கவில்லை.

வாசலில் நின்ற பெண்ணுக்குக் கல்லூரி வயது இருக்கும். சட்டையில் நிறைய பேட்ஜ், முகம் நிறையச் சிரிப்பு. இன்றைக்கு ஏதாவது விசேஷமா என்று கேட்டது.

நான் செய்த தப்பு இங்கேதான். எங்கள் ஊர்க் கறிக்கடையில் என்ன காரியத்துக்குக் கறி என்று சொல்லித்தான் வாங்குவோம். சும்மா ஞாயிற்றுக்கிழமைக் கறி என்றால் சவ்வும் கழிவும் கலந்து வரும். வீட்டில் காரியம் என்று ஒரு வார்த்தை போட்டால், கடைக்காரர் கத்தியை ஒருதரம் தீட்டிவிட்டு, "அண்ணே, நீங்க நில்லுங்க" என்று உள்ளே தொங்குவதிலிருந்து வெட்டுவார். அந்தப் பழக்கத்தில், தங்கை எனக்கு முன்னால் நடந்து போய்விட்ட நேரம், குரலைத் தாழ்த்தி, ஆமாம், என் தங்கைக்காகக் குடும்பக் காரியம், ஃபேமிலி ஃபங்ஷன், நல்ல கறியாகப் பார்த்துக் கொடுங்கள் என்று என் ஆங்கிலத்தில் சொல்லி வைத்தேன். அந்தப் பெண் கண்ணைச் சிமிட்டியது. காரியம் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

மெனு அட்டை எங்கள் வீட்டுக் கதவளவு இருந்தது. மாடு, பன்றி, கோழி என்று ஓடிய வரிசையில், கடைசியில் ஒரே ஒரு ஆட்டு விலா. செம்மறிதான். வெள்ளாட்டங்கறி கேட்கும் சடங்கிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அதையே சொன்னேன்.

வந்தது. ஒரு பலகையில், விறகுக்கட்டு மாதிரி அடுக்கி, மேலே வெல்லப்பாகு ஊற்றியது போல ஒரு கறுப்புக் குழம்பு. கத்தியால் ஒரு எலும்பைப் பிரித்து, கையால் எடுத்து அவள் தட்டில் வைத்தேன்.

"சாப்பிடு தாயி."

அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் வைத்த எண்ணெய் நெற்றி ஓரத்தில் மினுங்கியது.

"இதச் சாப்பிட்டா நீ போயிருவல்ல" என்றாள்.

"எப்படியும் போகணும்ல. செவ்வாக்கிழமைக்கு டிக்கெட்டு."

"அதுக்கில்ல. சாப்பிடாட்டி நீ போனாலும் பாதிலதான் போயிருக்கன்னு இருக்கும்."

வாராவாரம் பத்திரிகையில் எல்லாவற்றுக்கும் பதில் எழுதுகிறவன் நான். வேறு வழியில்லாமல், "அப்ப நீயும் என்கூட வா. மாடி ரூம் சும்மாதான கெடக்கு" என்றேன்.

"வந்து? அங்க நான் புருஷன் செத்தவ. காலையில எந்திரிச்சு அது மட்டுந்தான் எனக்கு வேல. இங்க லேபுக்காவது போவேன்ல."

"தனியாவா இருப்ப?"

"தெரியலண்ணே. இருந்து பாத்தாத்தான தெரியும். நீ போனாத்தான இருந்து பாக்க முடியும். அதான் இத எடுக்கக் கை வரல."

அப்போது கை தட்டும் சத்தம் கேட்டது. திரும்பினேன். ஆறேழு பிள்ளைகள், எல்லோரும் கறுப்புச் சட்டை, பிறந்தநாள் பாட்டைத் தாளம் தட்டிப் பாடிக்கொண்டு எங்கள் மேசையை நோக்கி வந்தார்கள். முன்னால் அந்த வாசல் பெண். கையில் ஐஸ்கிரீம், அதன் நடுவில் எரியும் மெழுகுவர்த்தி. என் காரியம் வந்துவிட்டது. நான் எழுந்து தடுப்பதற்குள் ஒரு பையன் பின்னாலிருந்து தங்கையின் தலையில் வைக்கோல் தொப்பி ஒன்றை வைத்தான். பக்கத்து மேசைக்காரர்களும் தட்டினார்கள்.

தங்கை என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. இவன் என்னத்தையோ செஞ்சிருக்கான் என்று சின்ன வயதிலிருந்து பார்க்கும் பார்வை.

ஊதச் சொன்னார்கள். எங்கள் வீடுகளில் விளக்கை வாயால் ஊத மாட்டார்கள். அவள் ஊதவில்லை. சுடரையே பார்த்தாள். மெழுகு ஐஸ்கிரீமில் சொட்டியது. கைதட்டல் ஒவ்வொருவராகத் தேய்ந்து, கடைசியில் ஒரு பையன் மட்டும் கொஞ்சநேரம் தட்டிவிட்டு அவனும் நிறுத்தினான்.

அவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, லேப் ரிப்போர்ட் சொல்லும் குரலில் ஆங்கிலத்தில் சொன்னாள். என் கணவர் போன மாதம் இறந்துவிட்டார். இவர் என் அண்ணன். எனக்குக் கறி ஊட்டித் துக்கம் முடிக்க வந்திருக்கிறார். எங்கள் வழக்கம் அது. உங்கள் மேல் தப்பில்லை.

அந்தப் பெண்ணின் முகத்திலிருந்த சிரிப்புக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. மற்றவர்கள் சத்தமில்லாமல் கலைந்தார்கள். அந்தப் பெண் மட்டும் போகவில்லை. மெழுகுவர்த்தியை விரலால் நசுக்கி அணைத்துவிட்டு, மேசை ஓரத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். அழுதாள். என் தங்கை அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். கருமாதி வீட்டில் நடக்க வேண்டியது எல்லாம் முறையாக நடந்தது, ஆட்கள்தான் இடம் மாறியிருந்தார்கள்.

கொஞ்சம் தேறியதும் அந்தப் பெண், அப்படியானால் நீங்கள் சாப்பிட வேண்டுமே, ஆறிவிட்டது, சூடாகக் கொண்டுவரட்டுமா என்று கேட்டது.

வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, தங்கை அந்த எலும்பைக் கையில் எடுத்தாள். அந்தப் பெண் எழுந்து போகாமல் பார்த்துக்கொண்டே இருந்தது. நான் எத்தனையோ நாளாக நினைத்துப் பயந்திருந்த அந்த முதல் துண்டை, யாரென்றே தெரியாத பிள்ளை மனம் கோணக் கூடாதென்று என் தங்கை வாயில் வைத்தாள். மென்றாள். விழுங்கினாள். பிறகு அடுத்த எலும்பை அவளே பிரித்து எடுத்துக்கொண்டாள். ருசித்த மாதிரி தெரியவில்லை. வேலை முடிக்கிறவள் மாதிரி ஒவ்வொன்றாகச் சாப்பிட்டாள்.

முடித்துவிட்டு ஈரக் காகிதத்தால் விரல்களைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாக.

"இனிப்பா இருக்குண்ணே. உப்புப் போடல."

"ஆமா" என்றேன்.

"செவ்வாக்கிழம எனக்கு டூட்டி. லீவு சொல்ல மாட்டேன். ஏர்போர்ட்டுக்கு நீ டாக்ஸி புடிச்சுப் போயிரு, என்ன."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல. துக்கம் முறிந்தாயிற்று. அண்ணன் இருக்கக் கூடாது.