சித்தப்பா தேர்ந்தெடுத்த கடல்

சவுதியிலிருந்து லீவில் வந்து கல்யாணம் முடித்த என் சித்தப்பாவுக்கு, திரும்பிப் போவதற்குள் ஒருமுறை கடலைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. அங்கே கடல் இல்லையா என்று கேட்டேன். அவர் இருக்கிற ஊரில் மணல் மட்டும்தான் என்றார். பக்கத்திலிருந்த புதுச் சித்தி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அந்தக் கோடை லீவில் எனக்கு எதுதான் விளங்கியது?

மன்னார்குடிப் பக்கம் எங்கள் கிராமம். கிழக்கே போனாலும் தெற்கே போனாலும் கடைசியில் கடல் வந்துவிடும். சித்தப்பா முதலில் வேளாங்கண்ணி என்றார். அம்மா அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்தாள்.

"நல்லதாப் போச்சு தம்பி. இவளுக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப மொட்டை போடுறதா மாதாவுக்கு நேந்துக்கிட்டேன். நானும் வந்துடுறேன்."

எனக்கு அப்போதுதான் சடை தோளைத் தாண்டியிருந்தது. சடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மறுநாள் காலையில் சித்தப்பா, வேளாங்கண்ணியில் கூட்டம் நெரியும், பூம்புகார் போகலாம் என்றார். என் சடைக்காகத்தான் மனசு மாறினார் என்று நம்பி, நன்றியோடு அவருக்குக் கால் பிடித்துவிட்டேன்.

பூம்புகார் என்றதும் அப்பா பேப்பரை மடித்து வைத்தார். அமாவாசை வருகிறது, தாத்தாவுக்குத் திதி கொடுத்த மாதிரியும் ஆயிற்று, வேன் பேசிவிடலாம் என்றார். ஆற்றில் தண்ணீர் வராமல் வயல் காய்ந்து கிடந்த நேரம் அது. எங்கே கூப்பிட்டாலும் வர எல்லோருக்கும் ஒழிவு இருந்தது.

சித்தப்பா கொஞ்சம் யோசித்துத் தரங்கம்பாடி என்றார். எங்கள் வீட்டு வேண்டுதலும் இல்லாத, திதியும் இல்லாத ஊர். ஆனால் கல்யாணத்துக்கு வந்து இன்னும் ஊர் திரும்பாத அத்தை இருந்தாளே. "பக்கத்துல பொறையாத்துலதான் என் நாத்தனார் வீடு. ராத்தங்கிட்டு வருவோம். அவங்களும் பொண்ணப் பாத்த மாதிரி இருக்கும்" என்று வெற்றிலையை மடித்தாள்.

சித்தப்பா எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். சித்தி விளக்குமாற்றை எடுத்து, காலையில் பெருக்கிய வாசலையே மறுபடி பெருக்கினாள். சித்தப்பாவின் லீவு முடிய ஒரு வாரம்கூட இல்லை.

கடைசியில் அவர் அதிராம்பட்டினம் என்றபோது வீடே சிரித்தது.

"அது ஒரு கடலாடா? அலையும் கெடையாது, மணலும் கெடையாது. முழங்கால் சேறு" என்றார் அப்பா.

தன்னோடு வேலை பார்ப்பவரின் வீடு அங்கே இருக்கிறது, அவர் கொடுத்தனுப்பிய பொட்டலம் கல்யாணக் கூத்தில் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது, கொடுத்துவிட்டு வரவேண்டும் என்றார் சித்தப்பா. யாரும் நானும் வருகிறேன் என்று சொல்லவில்லை. விமானம் ஏறி உலகம் பார்த்த மனிதர், இருக்கிற கடலிலேயே உதவாக்கரைக் கடலைப் பொறுக்கிவிட்டு எதற்காக விசிலடிக்கிறார் என்று நான் மண்டையைக் குடைந்துகொண்டேன்.

ஆனாலும் அத்தை விடவில்லை. புதுசாகக் கல்யாணமானவர்கள் தனியாகப் போனால் காத்துக் கருப்பு அண்டும் என்று என்னை முன்னால் தள்ளினாள். "அவங்கள விட்டு நவுராத" என்று எனக்குத் தனி உத்தரவு வேறு. பஸ்ஸில் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். எந்தப் பேயும் புக முடியாதபடி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். சித்தப்பா ஜன்னல் வழியே உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்த வீட்டில் கதவைத் திறந்தது சித்தப்பாவுடைய கூட்டாளியின் மனைவி. பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "ஒரு மாசமா வாசலத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன் தம்பி" என்றாள், கோபமே இல்லாமல். சித்தப்பா தவறுதான் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். அவள் சித்தியின் மஞ்சள் மாறாத தாலிக்கயிற்றைப் பார்த்தாள். நடுவில் நின்ற என்னையும் பார்த்தாள்.

"எப்பப் பயணம்?"

"வர்ற வியாழக்கெழமைங்க."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "புள்ள எங்கிட்ட இருக்கட்டும், சேத்துல வழுக்கும். நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க."

நகரக் கூடாது என்று அத்தை சொல்லியிருக்கிறாள் என்றேன். அதற்குள் ஒரு தட்டு நிறைய, இறால் வைத்துப் பொரித்த வாடா என்ற பலகாரம் வந்துவிட்டது. சூடு ஆறுவதற்குள் காவலை மறந்துபோனேன்.

என் எதிரேதான் அவள் பொட்டலத்தைப் பிரித்தாள். சோப்பு, சென்ட், ஒரு தைலப் பாட்டில், ஒரு கேசட். கேசட்டை மட்டும் எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். யாரோ ஒரு ஆள் நிதானமாகப் பேசுகிற குரல் கேட்டது. நடுநடுவே என்னவோ கேள்வி கேட்டது. அவள் பதிலே சொல்லவில்லை. வெளியே வந்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தன. என்ன ஆச்சு என்றேன்.

"தைலம் தொட்ட கையிம்மா. கண்ணுல பட்டுருச்சு" என்றாள்.

வெளிநாட்டுத் தைலத்தின் காரத்தை எண்ணி வியந்தேன்.

பொழுது சாயும்போது அவர்கள் திரும்பி வந்தார்கள். முழங்கால் வரை சேறு. இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. ஒரு அலைகூட இல்லாத கடலில் அப்படி என்னதான் கண்டார்கள்? எனக்கு எரிச்சலாக வந்தது. கடல் பார்க்கப் போய்க் கடலைப் பார்க்காமல் வந்தவள் நான் ஒருத்திதான்.

வீட்டில் கடல் எப்படி இருந்தது என்று அத்தை என்னைத்தான் கேட்டாள். காவல் காக்காத கதை தெரிந்துவிடக் கூடாதே. "அலை பெரிசு பெரிசா வந்துச்சு" என்றேன்.

"அதிராம்பட்டினத்துலயா?"

அம்மா சித்தியின் சேறு படிந்த புடவைக் கரையைப் பார்த்தாள். "இருக்கும் அண்ணி. இன்னிக்கி வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு, கால் கழுவத் தண்ணீர் எடுத்து வைத்தாள்.

சித்தப்பா போய்ச் சில மாதம் கழித்து, லீவில் வந்த யாரோ ஒருவர் அவர் கொடுத்தனுப்பிய பொட்டலத்தைக் கொண்டுவந்தார். எனக்குப் பென்சில் டப்பா, அம்மாவுக்குச் சோப்பு, சித்திக்குக் கேசட். சித்தி அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தன. எனக்குத்தான் இந்த விஷயம் ஏற்கெனவே தெரியுமே.

"தைலம் பட்டுருச்சா சித்தி?"

சித்தி என்னைப் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினாள்.

முகம் கழுவத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். பிறகு, வேறு யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதே என்று அந்தப் பாட்டிலை எடுத்து மேலே வைக்கத் தேடினேன். பொட்டலம் சுற்றிவந்த காகிதத்தை உதறிக்கூடப் பார்த்தேன். தைலம் எங்குமே இல்லை.