கூர்விளிம்புச் சில்லு

அமெரிக்கச் சூதாட்ட நகரமான ரீனோவில் லவோன் எட்கம்பைத் தராசுக்கைக்காரி என்று சொன்னால்தான் தெரியும். லாஃபிங் மியூல் சூதாட்ட விடுதியின் காசாளர் கூண்டில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்தவள். ஆட்டத்தில் காசுக்குப் பதிலாக வைக்கிற களிமண் சில்லு ஒன்றை உள்ளங்கையில் வைத்த மாத்திரத்தில் ஒன்பது கிராமா, ஒன்பதரையா என்று சொல்லிவிடுவாள். நம்பாதவர்கள் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். விடுதியை இடித்துத் தரைமட்டமாக்கிய பிறகும், பழஞ்சில்லு சேர்க்கிற கூட்டத்துக்கு அவள் சொன்னதுதான் வேதவாக்கு. தேயாத மியூல் சில்லு ஒன்பதுக்குக் கீழே இறங்கினால் அது கள்ளச்சில்லு.

அந்தத் தீர்ப்பு முதலில் விழுந்தது அவள் சொந்தத் தம்பியின் தலையில்.

டெல்பர்ட் அதே விடுதியில் சீட்டு மேசையில் ஆட்டம் நடத்துகிறவன். எழுபத்தேழாம் வருஷம் ஒருநாள், அவன் தட்டிலிருந்து வந்த பச்சைச் சில்லுகளில் பன்னிரண்டு அவள் கைக்கு லேசாகப் பட்டன. தேய்ந்த சில்லாக இருந்தால் விட்டிருப்பாள். விரல் பட்டுப் பட்டு விளிம்பு மழுங்கும், எடையும் குறையும், கூண்டுக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். இவற்றின் விளிம்போ நகத்தைக் கீறுகிற கூர்மை. புதுச்சில்லு கனக்க வேண்டாமா? தம்பி அசலை எடுத்துக்கொண்டு போலியை வைத்துவிட்டான் என்று நேரே மேலாளரிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

"அக்கா, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது. தட்டுல வந்தத வச்சுத்தான் ஆட்டம் நடத்துனேன்" என்றான் டெல்பர்ட்.

"என் கை பொய் சொல்லாதுடா."

"அப்ப நான் பொய் சொல்றேன்ங்கிற?"

அன்றே அவன் வேலை போனது.

அதற்குப் பிறகு ஊரில் ஒரு விடுதியும் அவனைச் சேர்க்கவில்லை. இரண்டாவது குளிர்காலத்தில், ஏரிக்குப் போகிற பாதையில் தன் வண்டிக்குள்ளேயே விறைத்துக் கிடந்தான்.

செத்தும் அவளை விடவில்லை. அவள் காபி ஊற்றும்போது முதுகுக்குப் பின்னால், ஒற்றைக் கையால் சில்லுகளைக் கலைத்து அடுக்குகிற சத்தம் கேட்கும். அது டெல்பர்ட்டின் பழக்கம். திரும்பினால் நாற்காலி காலி. "திருட்டுப்பயலே, போடா" என்று வைவாள். வைய முடிந்தவரை தாங்கவும் முடிந்தது. அவன் திருடன்தான் என்கிற நம்பிக்கை மட்டும் இல்லாவிட்டால் அவள் எப்போதோ பைத்தியமாகியிருப்பாள்.

முப்பது வருஷம் இப்படியே ஓடியது. சில்லு சேர்ப்பவர்களின் வருஷக் கூட்டத்தில் ஹாலிஸ் அவளைக் கூவி அழைத்தான். ஒஹையோவிலிருந்து வருகிறவன், நல்ல பிள்ளை, வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"லவோன் அம்மா, ஓடி வாங்க! உங்க ஒன்பதுக்கு நான் வேட்டு வைக்கப்போறேன்."

மேசைமேல் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. மியூலுக்குச் சில்லு செய்து கொடுத்தவர்களின் பெட்டி, ஒட்டிய முத்திரை அப்படியே இருந்தது. எழுபத்தேழு, இரண்டாவது ஆர்டர் என்று அச்சடித்திருந்தது. அவள் கண்முன்னேதான் பிரித்தான். உள்ளே பச்சைச் சில்லுகள். ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தான். எட்டு புள்ளி ஏழு. எட்டு புள்ளி ஆறு. மறுபடியும் எட்டு புள்ளி ஏழு.

"ரெண்டாவது தடவ களிமண் கலவைய மாத்திட்டானுங்க. எல்லாமே லேசு, எல்லாமே அசல்! இப்ப என்ன சொல்றீங்க?"

கூடத்தில் நூறு பேர் சில்லுகளைக் கலைத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு ஒரே ஒரு கையின் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. ஒரு சில்லை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். அதே கூர்மை, அதே லேசு.

"இதப் போலின்னு சொல்லி ஒருத்தன் வேலைய பறிச்சேன்" என்றாள்.

ஹாலிஸின் சிரிப்பு நின்றது. "யாரு வேலைய?"

"என் தம்பி வேலைய. அதுலயே அவன் செத்தும் போயிட்டான்."

அவன் மின்தராசை நிறுத்தினான். பெட்டியின் மூடியைத் தடவினான்.

"ஐயோ பாவம். கடைசிவரைக்கும் உண்மை தெரியாமலே போயிட்டாரா?"

"அவனுக்குத் தெரியும்" என்றாள் லவோன். "எனக்குத்தான் தெரியல."