தெறித்த போல்ட்

என் வேலைப் பையின் அடியில் ஒரு போல்ட்டின் தலை மட்டும் கிடக்கிறது. உடைந்த பக்கத்தைத் திருப்பினால், முக்கால் பங்கு வழுவழுப்பு. குளம் வற்ற வற்றக் கரையில் படியுமே, அந்த மாதிரி வளைவு வளைவாக வரிகள். மிச்சமெல்லாம் உடைத்த வெல்லக்கட்டியாய்ச் சொரசொரப்பு. வழுவழுப்பு, காற்று ஆட்டி ஆட்டி மாதக்கணக்கில் விட்டுக்கொண்டே வந்த விரிசல். சொரசொரப்பு, கடைசியில் ஒரே நொடியில் முறிந்தது.

ஆனி மாதம் அது. குற்றாலத்தில் சாரல் என்றால் ஊரே குளிக்கக் கிளம்பும். செங்கோட்டைக் கணவாய் வழியாக அதே சாரலோடு வருகிற காற்று எங்கள் காற்றாலைக் கோபுரத்தைப் போட்டு உலுக்கும். காற்றாடியை நிறுத்திவிட்டு, என் தங்கச்சி மாப்பிள்ளை உச்சியில் வேலையாக இருந்தார். நான் நடுத்தளத்தில். கோபுரத்தின் இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கிற போல்ட்டுகள் அங்கேதான் வரிசையாக இருக்கும். முறுக்கியதற்கு அடையாளமாக ஒவ்வொரு நட்டிலும் பெயிண்டில் ஒரு கோடு. கோடு விலகவில்லையென்றால் போல்ட் தளரவில்லை என்று நகர்ந்துவிடுவோம். காலில் ஏதோ இடறியது. குனிந்தால், இந்தத் தலை. அண்ணாந்து பார்த்தேன். மேலே அதன் நட்டில் கோடு இம்மியும் விலகவில்லை. அடப்பாவி! தலை முறிந்தாலும் நட்டு திரும்பாதே! பக்கத்துப் போல்ட்டைச் சுத்தியலால் தட்டினேன். ‘ணங்’ என்று வரவேண்டியது ‘டொக்’ என்றது. அடுத்ததும் அப்படியே. இரண்டும் உள்ளே விரிசல் விட்டவை.

வாக்கிடாக்கியில் கத்தினேன். “மாப்ள, போட்டது போட்டபடி இறங்கி வாரும்!”

“அஞ்சு நிமிஷம் மச்சான், மாட்டிட்டு வாரேன்.”

“மாட்டிக் கிழிச்சது போதும்வே! இங்கன போல்ட் தெறிச்சுக் கெடக்கு!”

நான் இறங்கி வெளியே ஓடியிருக்கலாம். அவரை மேலே விட்டுவிட்டு எந்த மூஞ்சியோடு தங்கச்சி முன்னால் போய் நிற்பேன்? ஏணியில் அவர் பூட்ஸ் சத்தம் கேட்கிறவரை, ஒவ்வொரு காற்றுக்கும் கோபுரம் முனகுவதைக் கேட்டுக்கொண்டே நின்றேன். தரைக்கு வந்ததும் மனிதர் சிரிக்கிறார்! “பயந்துட்டியளா மச்சான்?” நான் அந்தத் தலையைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அந்த வரிசை போல்ட்டுகளை மொத்தமாக மாற்றினார்கள். மாப்பிள்ளையும் அந்த சீசன் முழுக்க ஏறினார், அடுத்த சீசனும் ஏறினார். ஒருநாள் காலையில் பெல்ட்டெல்லாம் மாட்டி, முதல் படியில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். சட்டை வியர்வையில் தெப்பலாக நனைந்திருந்தது. “முடியல மச்சான்,” என்று பெல்ட்டைக் கழற்றியவர்தான். இப்போது தென்காசியில் செல்போன் கடை வைத்திருக்கிறார். சொந்த வீட்டு மொட்டை மாடிக்குக்கூட ஏறுவதில்லை. நான் ஏறுவதற்கு முன்னால் தினமும் அவரிடமிருந்து போன் வந்துவிடும். “தட்டிப் பாத்தியளா?”

இன்று காலை வரவில்லை. பெல்ட்டை மாட்டிக்கொண்டு கோபுரத்தடியில் நின்றேன். நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. என்னென்னவோ நினைப்பு ஓடியது. திரும்பத் திரும்ப அடித்ததில் கடைசியாகத் தங்கச்சி எடுத்தாள். கிசுகிசுத்தாள்.

“அண்ணே, மெதுவா பேசுங்க. டேங்குல தண்ணி ஏறலன்னு அவியளே மாடிக்கு ஏறிப் போயிருக்காவ. நான் கீழ நின்னு பாத்துக்கிட்டே இருக்கேன்.”

பைக்குள் கையை விட்டு அந்தப் போல்ட் தலையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

“இறங்கி வார வரைக்கும் போனை வச்சிராதட்டி,” என்றேன்.