கருப்பண்ணன் புதுக்கிய லாரி

புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் லாரிப் பட்டறைகளின் பலகைகளில் எல்லாம் 'பாடி பில்டிங்' என்றே எழுதியிருக்கும். கருப்பண்ணனின் பலகையில் மட்டும் 'லாரி புதுக்கும் பட்டறை' என்றிருக்கும். படித்துவிட்டுச் சிரிப்பவர்களும் உண்டு. 'புதுப்பிக்கும்' என்று திருத்தச் சொன்னவர்களும் உண்டு. அவர் திருத்தவில்லை.

அச்சொல் அவருக்குக் கோயிலில் கிடைத்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு தம் ஊர்ச் சிவன் கோயில் திருப்பணிக்கு இரும்புச் சாரம் கட்டச் சென்றார். சிதைந்த கோயிலை மீளக் கட்டுவதைப் பழைய கல்வெட்டுகள் 'புதுக்குதல்' என்று சொல்வதையும், அப்பணிக்கென விட்ட நிலத்துக்குப் 'புதுக்குப்புறம்' என்று பெயர் இருந்ததையும் கல்வெட்டுப் படியெடுக்க வந்த ஒருவர் அங்கே எடுத்துரைத்தார். அந்த வாரமே கருப்பண்ணன் தம் பலகையை மாற்றி எழுதினார்.

விளக்கம் கேட்பவர்களுக்கு அவர் சலிக்காமல் சொல்வார். "நெளிஞ்சதைத் தட்டி நிமித்தறது பழுது பாக்கறதுங்க. பழசைத் தூக்கி வீசிப்போட்டுப் புதுசு வெச்சா அது மாத்தறது. பழசும் உள்ளுக்கு இருக்கோணும், வண்டியும் புதுசா நிக்கோணும். அதுதானுங்க புதுக்கறது."

ஆகவே அவர் கட்டும் ஒவ்வொரு பாடியிலும் பழைய பலகை ஒன்றேனும் இருக்கும். திருப்பணியில் கண்ட இன்னொரு முறைமையையும் அவர் பட்டறைக்குக் கொண்டுவந்தார். கருவறையைப் பிரிக்குமுன் தெய்வத்தை இளங்கோயில் எனும் தற்காலிகச் சன்னதியில் எழுந்தருளச் செய்வார்கள் அல்லவா? அதுபோலக் கேபினைப் பிரிக்குமுன் அதிலுள்ள சாமியைக் கிழக்குச் சுவரின் தட்டில் அமர்த்துவார். வேலை முடியும்வரை வண்டிக்காரர்தாம் அன்றாடம் வந்து விளக்கேற்ற வேண்டும். முடிந்ததும் சாமியை மஞ்சள் துணியில் முடிந்து கையில் கொடுப்பார். தன் ஓட்டுநர் கையாலேயே வண்டி வாசலைத் தாண்டினால், அதன் பின்கதவில் 'புதுக்கியது' என்று எழுதித் தேதியும் இடுவார். இல்லையேல் எழுத மாட்டார்.

இவ்வாண்டு தை மாதத்தில் பரமத்தி வேலூர்த் தனபாலின் லாரி அவரிடம் வந்தது. வாழைத்தார் ஏற்றிப் போகையில் வளைவில் கவிழ்ந்த வண்டி அது. தனபாலுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டுந்தான். ஆயினும் இருபது ஆண்டுகள் வண்டி ஓட்டிய அந்த மனிதர் அதன்பின் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

"கட்டிக் குடுங்கண்ணா, வித்துப்போடறேன்" என்றார்.

அவர் மனைவி சென்னியம்மாளுக்கு அதில் சிறிதும் இசைவில்லை. "லாரி இல்லாட்டி இவரு ஊட்டுல உக்காந்து என்ற கொழம்புக்கு உப்புப் பாத்துட்டு இருப்பாருங்க. அதைய என்னால தாங்க முடியாது" என்றார்.

நாற்பது நாளும் தனபால் பஸ் ஏறி வந்து, தம் பித்தளைப் பொன்காளியம்மனுக்கு விளக்கேற்றினார். வண்டிப் பக்கம் திரும்பாமலே போனார். கருப்பண்ணன் புதுப் பாடியின் நடுவே பழைய பலகை மூன்றைப் பொருத்தினார். ஆனால் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வண்டியை வாங்க ஆள் வருவதாக முடிவாகிவிட்டது. "வேற ஆளு ஓட்டீட்டுப் போனா இது புதுக்குன கணக்குல சேராதுங்க அம்மணி" என்று சென்னியம்மாளிடம் வருந்தினார்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் சென்றாயன் என்பவரின் வண்டியும் புறப்பட ஆயத்தமாக நின்றது. மேட்டூர் அனல்மின் நிலையத்தில் சாம்பல் ஏற்றும் அவசரத்தில் இருந்த அவர் மஞ்சள் முடிப்பை வாங்கிக் கேபினில் வைத்துக்கொண்டு விரைந்தார். கால் மணி நேரம் கழித்துத் தனபாலும் சென்னியம்மாளும் அம்மனை வீட்டுக்கு எடுத்துப்போக வந்தார்கள். மீதமிருந்த முடிப்பைப் பிரித்தார் தனபால். உள்ளே சங்கு சக்கரத்தோடு பெருமாள் நின்றார்.

"என்ற அம்மன் எங்கீங்க?"

கருப்பண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். எல்லாச் சாமிக்கும் ஒரே கடையில் ஒரே மஞ்சள் துணி வாங்கியது அவர்தாம். உடனே சென்றாயனைக் கைபேசியில் அழைத்தார். மணி பட்டறைக்குள்ளேயே ஒலித்தது. சார்ஜில் போட்டதைச் சென்றாயன் மறந்து போயிருந்தார்.

"ஆண்டகளூர்கேட்டுல டீக்கு நிப்பாருங்க. வுட்டா மேட்டூருதான்!" என்றார் கருப்பண்ணன்.

தனபால் பெருமாளை நெஞ்சோடு அணைத்தபடி ஓடினார், ஏறினார், வண்டியைக் கிளப்பினார். சென்னியம்மாள் அந்தக் கைபேசியைப் பிடுங்கிக்கொண்டு மறுகதவில் தொற்றினார்.

"ஹாரன் இன்னும் மாட்டலீங்க!" என்று பின்னாலேயே கத்தினார் கருப்பண்ணன். லாரி வாசலைத் தாண்டிவிட்டது.

ஒரு மணி நேரம் அவர் சாலையையே பார்த்து நின்றார். பிறகு லாரி திரும்பி வந்தது. முதலில் கேட்டது சென்னியம்மாளின் தொண்டை கட்டிய குரல். "ஹாரனே வேண்டாமுங்கண்ணா! வழி நெடுக நாந்தான் தலையை நீட்டி ஓரம் போ, ஓரம் போன்னேன். ஒரு பஸ்ஸே ஒதுங்கிப் போச்சு."

"சென்றாயன்?"

"அவரு நம்ம அம்மனைப் பெருமாளுன்னு நெனச்சு ரெண்டு தடவ கும்பிட்டுட்டாராமா. டீ வாங்கிக் குடுத்துத்தான் அனுப்புனாருங்க."

தனபால் இன்னும் இருக்கையிலிருந்து இறங்கவில்லை. தம் இரு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். "டீக்கடைல நின்னப்பறந்தான் தெரிஞ்சுது, நான் ஓட்டீட்டு வந்திருக்கறேன்னு" என்றார். பிறகு சற்றே கண்ணைச் சுருக்கினார். "அண்ணா, வேணும்னே மாத்திக் குடுத்தீங்களா?"

"பொன்காளி மேல சத்தியமா இல்லீங்க! பன்னண்டு வருசத்துல இதுதான் மொதத் தப்பு."

"அப்ப திரும்பி வந்தது மட்டும் ஏனுங்க?" என்று சென்னியம்மாள் கணவரைச் சீண்டினார். "ஆளு வந்து வாங்கீட்டுப் போவட்டுமா?"

"போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லு. ஹாரன் மாட்டத்தான் வந்தேன். நாளைக்கு வெத்தலை லோடு இருக்குது."

கருப்பண்ணன் பெயின்ட் டப்பாவோடு வண்டியின் பின்புறம் சென்றார். 'புதுக்கியது' என்று நிறுத்தி எழுதி, தேதியும் இட்டார். பின் தூரிகை உலருமுன்பே மிச்சமிருந்த மஞ்சள் துணிகளை எடுத்து விரித்து, ஒவ்வொன்றின் மூலையிலும் பட்டறையில் நிற்கும் வண்டிகளின் எண்களை எழுதத் தொடங்கினார்.