சீனிச்சேவுக்குப் பதில் கம்பு உருண்டை

போன வாரம் ஆமத்தூரில் ஒரு சமையல் போட்டியில் தோற்றுப்போனேன். போட்டி நடந்ததே எனக்குக் கடைசியில்தான் தெரியும் என்பது வேறு விஷயம்.

அக்கா மகள் இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் நடந்த மெடிக்கல் கேம்ப்பில், ரத்தம் கம்மி என்று சொல்லிவிட்டார்கள். காரணத்தைத் துப்பறிய வேண்டிய அவசியமே இல்லை. தினமும் சாயங்காலம் சீனிச்சேவு. அது இல்லாத நாளில் காராச்சேவு. ராத்திரிச் சோற்றைப் பார்த்தால்... "பசிக்கல."

"நீதான் அதுக்குன்னே படிச்சிருக்கியே, என்னன்னு பாரு" என்றாள் அக்கா.

பார்க்காமல்? எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். மிதித்ததோடு நிற்காமல் மனையியலில் எம்.எஸ்சி. வாங்கி, கல்லூரியில் ஊட்டச்சத்துப் பாடம் நடத்துகிறேன். வாராவாரம் உங்களுக்கு வேறு எழுதுகிறேன். சொந்த வீட்டில் ஒரு சீனிச்சேவை ஜெயிக்க முடியாதா? செமஸ்டர் லீவுக்குப் பெட்டியோடு போய் இறங்கினேன்.

திட்டம் சுலபம். பிள்ளைகளிடம் 'தின்னாதே' என்று சொல்லக் கூடாது. அதே இனிப்பு, அதே மொறுமொறுப்பு... உள்ளே இருக்கும் சரக்கை மட்டும் மாற்ற வேண்டும். கம்பை வறுத்துத் திரித்து, நிலக்கடலையை ஒன்றிரண்டாகப் பொடித்து, எள் சேர்த்து, கருப்பட்டிப் பாகில் உருண்டை பிடித்தேன். நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டாள்.

"டேஸ்ட்டா இருக்கு சித்தி!"

யாராவது மைக் கொடுத்திருந்தால் நன்றியுரையே ஆற்றியிருப்பேன்.

இருட்டுகிற நேரத்தில் கம்பெனி வேன் வந்தது.

அக்காவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிற வேலை. முழங்கை வரை அலுமினியத் தூள் மின்னும். ஒரு கழுவலில் போகாது. அதனால் எங்கள் தெருவில் ஒரு வழக்கம் — கம்பெனியிலிருந்து வருகிற பெண்கள் குளித்து, சேலை மாற்றும்வரை பிள்ளைகளைத் தொட மாட்டார்கள். வேன் நிற்கிற இடத்தில் அண்ணாச்சி கடை. அவர் பொட்டலம் கட்டி, நூலில் ஒரு வளையம் விட்டு, அவர்கள் விரலில் மாட்டிவிடுவார். பிள்ளைகள் தெருமுனைக்கு ஓடி வந்து அந்த விரலிலிருந்து கழற்றிக்கொள்ளும். தூக்க முடியாது, கொஞ்ச முடியாது... பொட்டலம் கொடுக்கலாம்.

அன்றைக்கு இவள் ஓடவில்லை. வயிறு நிறைந்திருந்தது. டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

விரலில் பொட்டலம் தொங்க, அக்கா வாசலில் வந்து நின்றாள்.

"ஏ பாப்பா, அம்மா வந்திருக்கேன்ல?"

"சித்தி உருண்டை குடுத்துட்டாக. அத அங்கன வைம்மா."

அக்கா சன்னல் கம்பியில் பொட்டலத்தை மாட்டிவிட்டுக் குளிக்கப் போனாள். வெகுநேரம் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் என் உத்தரவுப்படி அக்கா வெறுங்கையோடு வந்தாள். அன்றைக்கும் இவள் டிவியை விட்டு அசையவில்லை. ஆனால் ராத்திரிச் சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். வெற்றி... என்றுதான் நினைத்தேன்.

அடுத்த நாள் காலையில் வேன் ஹாரன் அடிக்கிறது. அக்கா என் டப்பாவைத் திறந்து உருண்டைகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, கம்பெனிக்குக் கொண்டு போறியா?"

"கம்பெனில திங்க மருந்துத்தூளே அம்புட்டு இருக்கு. இது அண்ணாச்சிக்கு."

"அவருக்கு எதுக்கு?"

"பொட்டலம் கட்ட. நீ அவளுக்கு நாலு மணிக்கு உருண்டை குடுக்காத. வாழைப்பழம் வேணா குடு."

"நான் செஞ்சதக் கடைல குடுத்து, கடைலருந்து நீ வாங்கிட்டு வரணுமா? எதுக்கு இந்தச் சுத்து?"

"காலேஜுல உருண்டை பிடிக்க மட்டுந்தேன் சொல்லிக் குடுத்தாகளாக்கும்?" என்றாள். வாசல்படி இறங்கியவள் நின்றாள். "பகல் பூரா அவ ஓடி வாரத நெனச்சுத்தேன் அங்கன உக்காந்திருக்கேன். அதப் போயி நீ பறிச்சுக்கிட்டா எப்பிடி, புள்ள?"

வேன் போய்விட்டது. நாலு மணிக்கு இவளுக்கு வாழைப்பழம் மட்டும் உரித்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் நானும் கடையடிக்குப் போய் நின்றேன். அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"வாங்க டீச்சரம்மா! நம்ம சேவுக்கு எதிரா கட்சி ஆரம்பிச்சிருக்கீகளாமே? அந்தக் கட்சிச் சரக்கையும் நாந்தேன் கட்ட வேண்டியிருக்கு!"

சொல்லிக்கொண்டே தாளில் மடித்து, நூல் சுற்றி, வளையம் விட்டார். வேன் வந்தது. அக்கா விரலை நீட்டினாள். மாட்டிவிட்டார்.

தெருமுனையில் இரட்டைச் சடை குதிக்க ஓடி வந்தாள் இவள். "என்னம்மா வாங்கிட்டு வந்த?" விரலிலிருந்து கழற்றி, நடுத்தெருவிலேயே பிரித்து, ஒன்றை முழுசாக வாயில் அடைத்துக்கொண்டாள். அக்கா மின்னுகிற கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவள் மெல்லுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீடு வந்ததும் இவள் எனக்கும் ஒரு உருண்டையை நீட்டினாள்.

"தின்னு பாருங்க சித்தி. நீங்க செஞ்சத விட எங்க அம்மா வாங்கிட்டு வந்ததுதான் நல்லாருக்கு. எப்பிடிப் பண்றதுன்னு அண்ணாச்சிட்ட கேட்டுக்கிடுங்க."

குளித்துக்கொண்டிருந்த அக்கா சிரிப்பது தெரு வரை கேட்டிருக்கும்.

தின்று பார்த்தேன். இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்று அடித்துச் சொல்ல என்னிடம் எம்.எஸ்சி. பட்டம் இருக்கிறது... சொல்லவில்லை!